ஸ்டிக்கருக்கு அடியில் தமிழ்

"அந்தத் தமிழச்சியை இனி எங்க வீட்டுக்கு அனுப்பாதீங்க."

வாரத்துக்கு இரண்டு முறையாவது யாராவது மலையாளத்தில் இப்படிப் போன் செய்வார்கள். கொச்சி மட்டாஞ்சேரியில், சுக்கு மூட்டைகள் அடுக்கிய கிடங்குகளுக்கு நடுவே இருந்தது எங்கள் கடை. தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினுக்கு ஃபில்டர், ரப்பர் வளையம், குழாய், குக்கர் கேஸ்கெட், மிக்ஸி பிளேடு என்று சமையலறை மெஷின்களுக்கான உதிரிப்பாகம் எல்லாம் விற்போம். போன் எடுப்பது என் வேலை. வீடுவீடாகப் போய் ஃபில்டர் மாற்றுவது என்னோடு வேலை பார்த்த, நான் அக்கா என்று கூப்பிடும் மதியின் வேலை. புகாரை நோட்டில் எழுதிக்கொண்டு, "சரி மேடம், வேற ஆளை அனுப்பறோம்" என்பேன். வேறு ஆள் கிடையாது. சில மாதம் கழித்து அதே வீட்டம்மா கூப்பிட்டு, பக்கத்தில் கணவன் இல்லை என்று உறுதிசெய்துகொண்டவள் போலக் குரலைத் தாழ்த்தி, "அந்தச் சேச்சியையே அனுப்புங்க" என்பாள்.

அக்காவுக்குக் கோபம்தான் தொழில், ஃபில்டர் சும்மா கூட வருவது என்று தோன்றும். ஒல்லியான உடம்பு. புடவைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை. ஸ்கூட்டரில் ஒரு பை. பழைய ஃபில்டரைக் கழற்றியதும் பையில் போட மாட்டாள். செய்தித்தாளை விரித்து, அதன்மேல் வைத்து, ரம்பத்தால் குறுக்காக அறுப்பாள். உள்ளே இருப்பதை வீட்டில் உள்ள எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு வீட்டில் விருந்து. மேசையில் பிரியாணி. அக்கா பாத்திரங்களை ஓரமாகத் தள்ளிவிட்டு, அங்கேயே வைத்து அறுத்திருக்கிறாள். உள்ளே பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று சேறு.

"பாத்துக்கோங்க. ரெண்டு வருசமா இதுவழியா வந்த தண்ணியத்தான் உங்க புள்ளைக குடிச்சிருக்கு."

வீட்டுக்காரர் எழுந்து கதவைக் காட்டியிருக்கிறார். "இறங்கிப் போ."

"போறேன். இத நீங்களே எடுத்துக் கொட்டுங்க. கொட்டாம வச்சிருந்தது நீங்கதான?"

விருந்தாளிகளில் இருவர் மறுநாளே எங்கள் கடைக்குப் போன் செய்து தங்கள் வீட்டுக்கும் ஆள் அனுப்பச் சொன்னார்கள். முதலாளிக்கு அதனால்தான் அக்காவைப் பொறுத்துக்கொள்ள முடிந்தது.

ஆனால் அவள் கோபம் விற்பனைக்கு வளைந்து கொடுக்காது. வெலிங்டன் தீவில் துறைமுக ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் மாதாமாதம் ஃபில்டர் மாற்றச் சொல்லிக் கூப்பிடுவார். அக்கா போவாள், கழற்றிப் பார்ப்பாள், திரும்ப மாட்டிவிட்டு வந்துவிடுவாள். "இன்னும் மூணு மாசம் ஓடும் சார். உங்க ஆசைக்கெல்லாம் மாத்த முடியாது."

அன்றைக்கு முதலாளி கடைவாசலிலேயே பிடித்துக்கொண்டார். "எந்தா சேச்சி, நீ விக்க வந்தியா, விக்காம இருக்க வந்தியா?"

"நல்லா இருக்குறத கெட்டுப்போச்சுன்னு சொல்றதும், கெட்டுப்போனத நல்லா இருக்குன்னு சொல்றதும் ஒண்ணுதான் மொதலாளி."

ஏன் இவ்வளவு கோபம் என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். கம்பம் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பம், வந்த புதிதில் கெட்ட தண்ணீரால் ஒரு குழந்தை போய்விட்டது என்று சாயாக்கடையில் ஒருவர் என்னிடம் சொன்னார். நான் தயங்கித் தயங்கி அவளிடமே கேட்டேன். என்மேல் பாய்ந்தாள்.

"எம் புள்ளைக ரெண்டும் ஊருல குத்துக்கல்லு மாதிரி இருக்கு. கெட்ட தண்ணியக் கண்டா ஒரு மனுசிக்குக் கோவம் வராதா? அதுக்கு அவ வீட்ல எழவு விழுந்திருக்கணுமா?"



அவளிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. புது ஃபில்டர் மாட்டும்போது, அதன் வெள்ளைப் பிளாஸ்டிக் கூட்டின்மேல் கறுப்பு மார்க்கரால் வீட்டின் அடையாளத்தையும் மாட்டிய மாதத்தையும் எழுதுவாள். மலையாளம் பேச வரும், எழுத வராது. எனவே தமிழில். "மாவு மில்லு எதிர் வீடு, ஆடி." "தையல் டீச்சர், மாசி." "நாய் கடிக்கிற வீடு, ஐப்பசி." மட்டாஞ்சேரியில் எத்தனையோ அடுப்படிகளில், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில், அந்த வீட்டுக்காரர்கள் யாருக்கும் படிக்கத் தெரியாத தமிழ் இருந்தது.

எனக்குப் படிக்கத் தெரியும். மூன்று தலைமுறையாகக் கொச்சியில் இருக்கும் குடும்பம் எங்களுடையது. வீட்டில் பேசுவது தமிழ், பள்ளியில் படித்தது மலையாளம். அம்மா காலண்டரைக் காட்டி எழுத்துச் சொல்லித் தந்திருந்தாள். கூட்டிக்கூட்டித்தான் படிப்பேன். (இப்போது எழுதவும் வருகிறது. அது பின்னால் கற்றுக்கொண்டது.) முதல்தடவை "நா...ய்... கடிக்கிற வீடு" என்று நான் படித்துச் சிரித்தபோது அக்கா முகத்தில் கோபம் இல்லாத ஒரு நிமிடத்தைப் பார்த்தேன்.

"எங்கடையில எம் எழுத்தப் படிக்க ஒரு ஆளு இருக்கு" என்றாள். எங்கடை என்றாள். அவளுக்கு அது அவளுடைய கடை.

அறுக்கக் கூடாது என்று முதலாளி உத்தரவு போட்டது அதற்குப் பிறகுதான். பழைய ஃபில்டர்களை முழுசாகக் கடைக்குக் கொண்டுவர வேண்டும், கம்பெனி திருப்பி எடுத்துக்கொள்கிறது, பிளாஸ்டிக்கைச் சும்மா எறியக் கூடாது என்று சட்டம் வந்திருக்கிறது என்றார். அக்கா ஒரு வாரம் சண்டை போட்டாள். பிறகு, பிளாஸ்டிக் காயல் தண்ணீரில் போய்ச் சேர்வதைவிட இது மேல் என்று ரம்பத்தைப் பையிலிருந்து எடுத்து வைத்துவிட்டாள். அவள் வாழ்க்கையில் யாருக்காவது கீழ்ப்படிந்த ஒரே சந்தர்ப்பம் அதுவாக இருக்கும்.

கடைக்குப் பின்னால் ஒரு அறை. பழைய ஃபில்டர்கள் அங்கே போகும். சில நாள் கழித்து முதலாளி எனக்கு ஒரு வேலை கொடுத்தார். போன் வராத நேரத்தில் ஃபில்டர்களுக்கு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். பளபளவென்று கழுவித் துடைத்து, பெயின்ட் தின்னர் வாசனையோடு தட்டில் வரும். ஸ்டிக்கர் ஒட்டியதை வாங்கிப் போய் முதலாளியின் மச்சான் கண்ணாடித்தாள் சுற்றிச் சூடு காட்டுவான். புதுசு ஆகிவிடும்.

மூன்றாவதோ நான்காவதோ ஃபில்டரில் நான் பார்த்தேன். தின்னரால் அழித்தும் போகாத சாம்பல் நிழல். "...ல்லு எதிர் வீ..."

இதை எந்தச் சாக்குக்கும் பின்னால் மறைக்காமல் எழுதுகிறேன். அது என்ன என்று எனக்கு அந்த நொடியே தெரிந்தது. அந்தக் கடையில் அக்காவைத் தவிர அதைப் படிக்கக்கூடிய ஒரே ஆள் நான். ஸ்டிக்கரை எடுத்து அந்த எழுத்தின்மேல் ஒட்டினேன். அடுத்ததை எடுத்தேன். ஓரம் சுருங்காமல் ஒட்டுவதில் எனக்குக் கைப்பக்குவம் கூட வந்தது. கணவருக்கு நிரந்தர வேலை இல்லை, மாமியார் படுக்கையில், கடை வீட்டிலிருந்து நடக்கும் தூரம் என்று காரணங்கள் இருந்தன. காரணங்கள் இல்லாமல் யாராவது அயோக்கியத்தனம் செய்கிறார்களா?

அந்த ஃபில்டர்களை அக்கா வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போய், "புதுசு, பிரிச்சுப் பாருங்க" என்று வீட்டம்மாக்களிடம் சொல்லி, மாட்டிவிட்டு வருவாள். நான் அவளுக்குக் கையசைப்பேன்.

மூன்று மாதம் போல நடந்தது. மழைக்கு முன்பு, குழாயில் தண்ணீர் வராமல் லாரித் தண்ணீரை நம்பி ஊரே குடத்தோடு நின்ற நாட்கள். தோப்பும்படிப் பாலத்துப் பக்கம் ஒரு வீட்டில் கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு நிற்காமல் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். டாக்டர் தண்ணீரைப் பற்றிக் கேட்டாராம். குழந்தையின் அப்பா அக்காவுக்கே நேராகப் போன் செய்திருக்கிறார். அவள் போனாள். போன மாதம் தானே மாட்டிய ஃபில்டரைக் கழற்றினாள். உத்தரவை மீறி அறுக்க முடிவு செய்து, அந்த வீட்டிலேயே ஒரு ரம்பம் கேட்டு வாங்கி, அது வழுக்காமல் இருக்க ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தாள். அடியில் அவள் கையெழுத்து இருந்தது.

பகல் பன்னிரண்டு மணிக்கு அவள் கடைக்குள் வந்த சத்தத்தில் எதிர்க் கிடங்கில் சுமை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் மூட்டையோடு நின்றுவிட்டார்கள். முதலாளியைப் பார்த்துக் கத்தவில்லை. என் மேசைமேல் அந்த ஃபில்டரை வைத்தாள்.

"படி."

"அக்கா..."

"படிடீ. வாய்விட்டுப் படி. எல்லாரும் கேக்கட்டும்."

நான் படித்தேன். "தையல் டீச்சர், மாசி."

"தையல் டீச்சர் வீட்ல போன வருசம் மாசியில மாட்டுனது, கைப்புள்ள இருக்குற வீட்ல சித்திரையில எப்பிடி வந்துச்சு? நான் கொண்டுபோயி மாட்டியிருக்கேன். எங்கையால!" தன் வலது கையை மேசையில் ஓங்கி அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள். "எங்கையால... எங்கையால..."

முதலாளி, "மதி, மதி, உள்ள வா பேசலாம்" என்றார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள். "ஸ்டிக்கரு யாரு ஒட்டுறா?"

என் கண் மேசையிலிருந்த ஸ்டிக்கர் சுருளுக்குப் போனது. அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஃபில்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த மூன்று நாளில் அவள் செய்ததை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். நேரே போலீசுக்கோ பத்திரிகைக்கோ போயிருக்கலாம். அவளுக்கு அது இரண்டாவது வேலை. முதலில் அந்த மூன்று மாதத்தில் தான் மாட்டிய ஒவ்வொரு வீட்டுக்கும் போனாள். "உங்க வீட்ல பழசத்தான் புதுசுன்னு மாட்டிட்டேன். கழட்டணும். அதுவரைக்கும் தண்ணியக் காய்ச்சிக் குடிங்க" என்றாள். முதலாளி ஏமாற்றினார் என்றுகூடச் சொல்லவில்லை. மாட்டிட்டேன் என்றாள். அவளுக்கு இலக்கணம் அப்படி.

ஜனங்கள் என்ன செய்வார்கள்? முன்னால் நிற்பவளைத் திட்டினார்கள். கடையை யாரும் பார்த்ததில்லை. தொட்டிக்கு அடியில் குனிந்து உட்கார்ந்திருந்த அவளைத்தான் பார்த்திருந்தார்கள். கழற்ற விடாமல் வாசலிலேயே நிறுத்தினார்கள். முன்பு அவள் அறுத்துக் காட்டிய அழுக்கெல்லாம் இப்போது எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. அதுவும் ஒரு நாடகம்தானோ என்றார்கள்.

முதலாளி சும்மா இருக்கவில்லை. கடையிலிருந்து புதுச் சரக்கை வாங்கி வெளியே விற்றுவிட்டு, வீடுகளில் கழற்றியதைக் கழுவி மாட்டியது இவள்தான் என்று குடியிருப்போர் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சங்கத்தின் ஹாலில் கூட்டம். எனக்கும் வரச்சொல்லி ஆள் வந்தது.

பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஐம்பது பேர். அக்கா நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு யாரும் நாற்காலி போடவில்லை. கையில் அந்த ஃபில்டர். சங்கத் தலைவர் அதை வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"இதில் என்ன எழுதியிருக்கிறது?"

அக்கா சொன்னாள்.

"நீ சொன்னால் எப்படி? உன் எழுத்து. நேற்றுக்கூட எழுதியிருக்கலாமே." தலைவர் என் பக்கம் திரும்பினார். "நீ கடையில் இருப்பவள். தமிழ்க் குடும்பம்தானே? ஸ்டிக்கர் ஒட்டுவது நீ என்று இந்தச் சேச்சி சொல்கிறாள். ஒட்டும்போது இந்த எழுத்தைப் பார்த்தாயா?"

முதலாளி என்னைப் பார்க்கவே இல்லை. தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நம்பிக்கை.

நான் எழுந்து மலையாளத்தில் சொன்னேன். "எனக்குத் தமிழ் பேச மட்டும்தான் வரும். வாயிக்கான் அறியில்ல."

படிக்கத் தெரியாது. ஆறு நாளைக்கு முன்னால் அவள் முன்னால், ஊர் கேட்க, நான் வாய்விட்டுப் படித்திருந்தேன். கேட்ட சுமைக்காரர்களை யாரும் கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை.

அக்கா என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் வாயைத் திறப்பதற்குள் அந்தக் கைக்குழந்தையின் அம்மா எழுந்து வந்தாள். குழந்தை அன்று காலையில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தது. அந்தப் பெண் அக்காவின் கன்னத்தில் அறைந்தாள். ஹாலில் ஒருவரும் தடுக்கவில்லை. நானும்தான்.

அக்கா கன்னத்தைத் தொடவில்லை. அந்தப் பெண்ணிடம், "புள்ளைக்குத் தண்ணிய நல்லாக் கொதிக்க வச்சுக் குடும்மா" என்றாள். தலைவர் கையிலிருந்து ஃபில்டரைப் பிடுங்கிக்கொண்டு வெளியே போனாள்.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் என் வீட்டு வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. நான் கதவைத் திறந்ததும் என்னை இடித்துக்கொண்டு நேரே சமையலறைக்குப் போனாள். படுக்கையிலிருந்த மாமியார், "ஆரு, அக்காவா? சாயா குடிச்சிட்டுப் போ" என்றார். "வேண்டாம்மா" என்ற பதிலில் மட்டும் மரியாதை இருந்தது.

எங்கள் வீட்டு மெஷின் ஓணத்துக்கு முதலாளி கொடுத்தது. இரண்டு மாதம் முன்பு அதன் ஃபில்டரைக் கடைச் சரக்கிலிருந்து எடுத்து மாற்றியது அக்காதான். அதற்குள் என்ன இருக்கும் என்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை. அல்லது யோசிக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டிருந்தேன். அக்கா குனிந்து, கழற்றி, நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டினாள். நான் ஒட்டிய ஸ்டிக்கர், ஓரம் சுருங்காதது. அடியில், "நாய் கடிக்...".

அதை அடுப்பு மேடையில் வைத்தாள். எர்ணாகுளத்தில் வேறு கடையில் வாங்கிய புதுசைப் பையிலிருந்து எடுத்து மாட்டினாள். மார்க்கரால் எழுதினாள். மூடினாள். ஒரு வாளி தண்ணீரை ஓடவிட்டுக் கொட்டினாள்.

"அக்கா, நான் தப்பு..."

"வாய மூடு." தாழ்ந்த குரல், உள்ளே கிழவி கேட்கக் கூடாது என்பதற்காக. "ஒனக்காக வரல. அந்தம்மா குடிக்கிறாங்க. என் லிஸ்ட்ல இந்த வீடும் இருக்கு, அதுக்காக வந்தேன். இன்னும் முப்பத்தோரு வீட்ல உள்ள விட மாட்டேங்குறானுங்க. ஆளக் கண்டதும் கதவச் சாத்துறானுங்க."

"நான் உங்ககூட வர்றேன். நான் சொல்றேன்."

"எங்கூட எதுக்கு வார? ஒனக்குக் காலு இல்லையா?"

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்றைக்கு நான் கடைக்குப் போகவில்லை. அடுப்பு மேடையில் இருந்த ஃபில்டரை எடுத்துக்கொண்டு சங்கத் தலைவர் வீட்டுக்குப் போனேன். அவர் முன்னால் எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஒட்டியது நான் என்றேன். அன்று பொய் சொன்னேன் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கடைக்காரர் எல்லா வீட்டுக்கும் ஒரு வருஷம் இலவச சர்வீஸ் தருவதாக ஒப்புக்கொண்டுவிட்டார், விஷயம் முடிந்துவிட்டது, நீ ஏன் மோளே மறுபடி கிளறுகிறாய் என்றார். இலவச சர்வீஸ்! அதே ஃபில்டரை அதே வீட்டில் இலவசமாக மாட்டுவான்! நான் அந்த வீட்டு வராந்தாவில் நின்று கத்தினேன். அவ்வளவு சத்தம் என் தொண்டையில் இருந்தது எனக்கே தெரியாது.

பிறகு நான் என் காலில் நடந்தேன். வீடுகளின் விலாசம் எல்லாம் போன் நோட்டால் எனக்கு மனப்பாடம். முப்பத்தோரு வீடு, இரண்டு வாரம். ஒவ்வொரு வாசலிலும் ஒரே வாக்கியம். "உங்கள் ஃபில்டரில் ஸ்டிக்கர் ஒட்டியது நான்தான், அந்தச் சேச்சி இல்லை." சிலர் கேட்டார்கள், சிலர் நாயை அவிழ்த்தார்கள். இருபது பேர் போல என் கண் முன்னாலேயே கழற்றி, ஸ்டிக்கரைச் சுரண்டிப் பார்த்தார்கள். அந்த இருபது பேரும் கையெழுத்துப் போட்டுப் புகார் கொடுத்தார்கள். கடை மூடியது. ஆறே மாதத்தில் இடக்கொச்சியில் வேறு பெயரில், மச்சான் பேரில், கண்ணாடிக் கதவோடு திறந்தது. அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

கடைசியாக, அந்தக் கணக்கில் இல்லாத கைக்குழந்தை வீட்டுக்கும் போனேன். அந்தப் பெண் முழுக்கக் கேட்டாள். "அன்றைக்கு நான் அடித்தபோது நீ அங்கேதானே உட்கார்ந்திருந்தாய்?" என்றாள். ஆமாம் என்றேன். கதவைச் சாத்திவிட்டாள்.

அக்கா அதற்குள் ஆலுவாவுக்குப் போய்விட்டிருந்தாள். அங்கே ஒரு கடையில் அதே வேலை என்று கேள்விப்பட்டேன். என் நம்பரை அவள் எடுக்க மாட்டாள் என்று கணவரின் போனிலிருந்து கூப்பிட்டேன்.

"அக்கா, எல்லா வீட்டுக்கும் போயிட்டேன்."

போனில் அவளுக்குப் பின்னால் ரயில் போவது கேட்டது.

"கைப்புள்ள வீட்டுக்கு?"

"போனேன்க்கா. ஒங்கள அடிச்சதுக்கு அவங்க..."

"அத விடு. புள்ள எப்பிடி இருக்கு?"

"தவழுது. நல்லா இருக்கு."

"ம்."

வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன். இல்லை.

"ஒம் மேல எனக்குக் கோவம் போகல."

"தெரியும்க்கா."

"போகாது. போகும்னு நெனச்சுக்கிட்டுப் போன் பண்ணாத."

"சரிக்கா" என்றேன். வைத்துவிட்டாள்.